முக்கொம்பும் நெட்வொர்க் கார்டும்

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் முதலில் காவிரி, அப்புறம் ஸ்ரீரங்கம், அதற்கும் அப்பால் கொள்ளிடம். இரண்டும் ஒரே ஆறுதான். மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி முக்கொம்பில் பிரிந்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்துகொண்டே போனது. தண்ணீரெல்லாம் அந்தப் பக்கமே ஓட, காவிரிப் பாசனம் காய ஆரம்பித்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்ட ஆரம்பித்தார். மேட்டூர் மாதிரி தண்ணீரைத் தேக்கி வைக்கிற அணை இல்லை இது. எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பிரித்துவிடுவதுதான் இதன் வேலை. வயலுக்கு வேண்டியது காவிரிக்கு, வயல் தாங்காத வெள்ளம் கொள்ளிடத்துக்கு.

நெட்வொர்க் டிராஃபிக்கைக் கண்காணிக்கிற வேலையைத் தனி ஹார்டுவேரிடம் ஒப்படைப்பதை, அதாவது ஆஃப்லோடை, விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற நண்பர் கேட்டார்: "1 ஜி லைன் 10 ஜி ஆகப்போகுது. ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் இருக்கிற பாக்ஸ் வாங்கச் சொல்றாங்க. அது உள்ளே என்னதான் செய்யுது?" பதில் நீண்டுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வழக்கமாகச் சொல்கிற பதில்: சிபியு மெதுவு, ஹார்டுவேர் வேகம், ஆகவே ஹார்டுவேர். பாதி உண்மை. மீதிப் பாதியை விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்வதில்லை. ஆஃப்லோட் என்பது பெரும்பாலும் எதைப் பார்க்காமல் விடலாம் என்கிற முடிவு. பார்க்காமல் விட்ட இடம் எது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், கண்காணிப்பு இருக்கிறது என்ற நிம்மதி மட்டும்தான் மிச்சம்.

67 நானோ நொடி

முதலில் கணக்கு. ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃப்ரேம் 64 பைட். அதற்கு முன்னால் 8 பைட் அறிவிப்பு, பின்னால் 12 பைட் இடைவெளி. மொத்தம் 84 பைட், அதாவது 672 பிட். 10 ஜிகாபிட் லைனில் இப்படிப் பொடிப் பாக்கெட்டாகவே வந்தால் 67.2 நானோ நொடிக்கு ஒன்று. நொடிக்கு 1 கோடியே 48 லட்சம் பாக்கெட்.

3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்றுக்கு 67 நானோ நொடியில் கிடைப்பது சுமார் 200 சுழற்சி. கேஷில் இல்லாத ஒரு தகவலை ரேமிலிருந்து எடுத்துவரவே 80, 100 நானோ நொடி ஆகிவிடும். ஒரே ஒரு தடவை மெமரியைத் தொட்டாலே அடுத்த பாக்கெட் வந்து நிற்கிறது. 100 ஜிகாபிட்டில் இது 6.7 நானோ நொடி, 20 சுழற்சி. அதற்குள் மனிதர் எழுதிய எந்த புரோகிராமும் உருப்படியாக எதையும் யோசிக்க முடியாது.

நிஜ டிராஃபிக் இவ்வளவு மோசமில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1500 பைட் பாக்கெட்டாகவே வந்தால் 10 ஜிகாபிட்டில் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான், ஒவ்வொன்றுக்கும் 1.2 மைக்ரோ நொடி கிடைக்கும். ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது சராசரியைப் பார்த்துப் பயனில்லை. தாக்குகிறவன் பொடிப் பாக்கெட்டைத்தான் அனுப்புவான். உங்கள் கண்காணிப்புக் கருவியைத் திணற வைத்துவிட்டு, அந்த நெரிசலில் தன் வேலையை முடித்துக்கொள்வான்.

இன்னொரு பழைய வியாதியும் உண்டு. பாக்கெட் வந்ததும் கார்டு சிபியுவைத் தட்டிக் கூப்பிடும், அதாவது இன்டரப்ட். நொடிக்குப் பல லட்சம் தட்டல் வந்தால், தட்டலுக்குப் பதில் சொல்வதிலேயே சிபியுவின் நேரம் முழுக்கப் போய்விடும். வந்த பாக்கெட்டைப் படிக்க நேரமே இருக்காது. கதவைத் திறந்து திறந்து மூடுவதிலேயே நாள் போய்விடுகிற மாதிரி. மொகுலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-ல் இதற்கு 'ரிசீவ் லைவ்லாக்' என்ற பெயரில் ஒரு கட்டுரையும் தீர்வும் எழுதினார்கள். கூட்டம் அதிகமானால் தட்டலை நிறுத்திவிட்டு, சிபியு தானே அவ்வப்போது போய் அள்ளிக்கொள்ளவேண்டும். இன்றைய லினக்ஸ் செய்வதும் ஏறக்குறைய அதுதான்.

உங்கள் கார்டு ஏற்கெனவே ஆஃப்லோட் செய்கிறது

ஆஃப்லோட் என்றதும் லட்ச ரூபாய் கார்டு ஞாபகத்துக்கு வருகிறது. உண்மையில் உங்கள் வீட்டுக் கணினியின் கார்டே இதைச் செய்கிறது. லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளையைச் சின்ன 'கே' விருப்பத்தோடு போட்டுப் பாருங்கள், ஒரு பெரிய பட்டியல் வரும்.

பட்டியலில் செக்சம் கணக்கு ஒன்று. வயர்ஷார்க்கில் நம் கணினியிலிருந்து போகிற பாக்கெட் எல்லாம் 'செக்சம் தப்பு' என்று காட்டுவதைப் பார்த்துப் பதறாத மாணவர் இல்லை. தப்பு ஒன்றும் இல்லை. செக்சத்தைக் கார்டு போடப்போகிறது. வயர்ஷார்க் அதற்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறது. அடுத்தது டிஎஸ்ஓ. 60 சொச்சம் கிலோபைட் வரை உள்ள ஒரு பெரிய கட்டியை கர்னல் அப்படியே கார்டிடம் கொடுக்கும், கார்டு 1500-க்கு அடங்கும்படி நறுக்கி அனுப்பும். வரும் பக்கம் எல்ஆர்ஓ, ஜிஆர்ஓ இரண்டும் இதற்கு நேர் எதிர். அடுத்தடுத்து வருகிற பாக்கெட்களை ஒட்டி ஒரே கட்டியாக்கி மேலே தருவார்கள்.

சர்வருக்கு இதெல்லாம் வரம். கண்காணிப்புக்குத் தொல்லை. 1998-ல் டாசெக்கும் நியூஷமும் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் புகழ்பெற்றது. டிசிபி துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அனுப்பினால் கண்காணிப்புக் கருவி ஒரு மாதிரியும், இலக்குக் கணினி வேறு மாதிரியும் வாசிக்கும். அந்த இடுக்கில் தாக்குதலை நுழைக்கலாம் என்று காட்டினார்கள். அப்படியானால் கருவி பாக்கெட்களைக் கம்பியில் வந்த வடிவிலேயே பார்த்தாகவேண்டும். வழியில் ஒருவர் ஒட்டி, அடுக்கி, அழகாக்கிக் கொடுத்தால் தடயம் போச்சு. சூரிகாட்டா போன்ற கருவியின் கையேடு, கண்காணிக்கிற கார்டில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் அணைக்கச் சொல்வது இதனால்தான்.

அடுத்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பல கோர்கள் இருந்தால் பாக்கெட்களைப் பங்கு போடவேண்டும். அதையும் கார்டே செய்கிறது, ஆர்எஸ்எஸ் என்று பெயர். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, போர்ட் எண்களை ஒரு சாவியோடு சேர்த்து அரைத்து ஓர் எண் எடுக்கும். அந்த எண்ணை வைத்து எந்தக் கோர் என்று முடிவாகும். ஒரே இணைப்பின் பாக்கெட்கள் ஒரே கோருக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் பதில் வரும்போது அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறிவிடுகிறார்களே! அரைத்து வருகிற எண்ணும் மாறிவிடும். கேள்வி 3-ஆம் கோருக்கு, பதில் 7-ஆம் கோருக்கு. சர்வருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை, அது வருகிற பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. நடுவில் நின்று உரையாடலை ஒட்டுக்கேட்கிற கண்காணிப்புக் கருவிக்கோ, பாதிப் பேச்சை ஒருத்தர், மீதிப் பேச்சை இன்னொருத்தர் கேட்ட கதை.

2012-ல் தென்கொரியாவின் கெய்ஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஷினே வூவும் கியோங்சூ பார்க்கும் இதற்கு ஒரு தீர்வு கொடுத்தார்கள். புதுக் கார்டு வேண்டாம், சாவியை மாற்றினால் போதும். 40 பைட் சாவியில் 6டி5ஏ என்ற 2 பைட்டையே 20 தடவை திரும்பத் திரும்ப எழுதினால், முகவரிகள் இடம் மாறினாலும் ஒரே விடை வரும். செலவு பூஜ்யம். இந்த மாதிரித் தீர்வைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் தனி.

கொள்ளிடத்துக்குப் போகிற யானைகள்

இனி மதகுக்கு வருவோம். இணைய டிராஃபிக்கில் ஒரு விசித்திரம் உண்டு. இணைப்புகளின் எண்ணிக்கையில் பெரும்பகுதி சின்னஞ்சிறியவை. பைட் அளவில் பெரும்பகுதியோ கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சில ராட்சத இணைப்புகளில். துறையில் இவற்றை எலி, யானை என்றே சொல்வார்கள். வீடியோ, பேக்கப், அப்டேட் எல்லாம் யானை.

2005-ல் மியூனிக், பெர்க்லி ஆய்வாளர்கள் 'டைம் மெஷின்' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் முதல் சில கிலோபைட்டை மட்டும் பதிவு செய், மீதியை விட்டுவிடு. அவ்வளவுதான் யோசனை. இதில் எலிகள் முழுசாகவே பதிவாகிவிடுகின்றன, யானையின் தும்பிக்கை மட்டும் பதிவாகிறது. தாக்குதலுக்கான அறிகுறி பெரும்பாலும் பேச்சின் தொடக்கத்தில்தான் இருக்கும் என்பதால் இழப்பு குறைவு.

2007-ல் நிக்கோலஸ் வீவர், வெர்ன் பாக்ஸன், ஹோசே கோன்சாலெஸ் மூவரும் இதையே ஹார்டுவேருக்குக் கொண்டுபோனார்கள். எஃப்பிஜிஏ சிப்பில் ஒரு சிறிய அட்டவணை. வருகிற ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மூன்றே முடிவு: நேராக அனுப்பு, தூக்கி எறி, அல்லது மேலே உள்ள மென்பொருளுக்குத் திருப்பி விடு. யோசிக்கிற வேலை மென்பொருளுடையது. 'இந்த இணைப்பைப் பார்த்துவிட்டேன், இனி வேண்டாம்' என்று அது சொன்னதும் மீதி எல்லாம் ஹார்டுவேர் வழியாகவே போய்விடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் ஷன்ட். தமிழில் சொன்னால் மதகு!

எஃப்பிஜிஏ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: சிபியு என்பது ஒரே சமையல்காரர், எந்தச் சமையல் குறிப்பைக் கொடுத்தாலும் வரிசையாகச் செய்வார். எஃப்பிஜிஏ என்பது சமையலறையையே இட்லிக்காக மட்டும் இடித்துக் கட்டுவது. ஒரு பக்கம் மாவு நுழையும், மறுபக்கம் இட்லி வெளியே வரும், ஒரே நேரத்தில் எல்லாத் தட்டும் வேகும். நாளைக்குத் தோசை வேண்டுமென்றால் மறுபடி இடித்துக் கட்டலாம், ஆனால் அதற்குத் தெரிந்த கொத்தனார் வேண்டும். ஏசிக் என்பது கான்கிரீட்டில் ஊற்றிய சமையலறை. இன்னும் வேகம், ஆனால் மாற்றவே முடியாது.

இந்த வழியின் இன்றைய எல்லைகளில் ஒன்று, 2020-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் வந்த பிகாசஸ். அதன் ஆசிரியர்களில் ஒருவர் வியாஸ் சேகர், ஐஐடி மெட்ராஸில் பி.டெக் படித்தவர். 100 ஜிகாபிட், லட்சத்துக்கு மேல் ஒரே நேர இணைப்புகள், 10,000-க்கு மேல் விதிகள், எல்லாம் ஒரே சர்வரில் முடியுமா என்பது கேள்வி. ஒரு எஃப்பிஜிஏ, சராசரியாக 5 கோர் போதும், சிபியு மட்டும் வைத்துச் செய்வதைவிட 38 மடங்கு குறைந்த மின்சாரம் என்று காட்டினார்கள். ஷன்ட்டில் மூளை மேலே மென்பொருளில் இருந்தது. இங்கே தலைகீழ், இணைப்புகளின் நினைவும் முடிவும் சிப்பிலேயே. சந்தேகப்படும்படி மிஞ்சுகிற கொஞ்சம் மட்டும் சிபியுவிடம் வருகிறது.

பாக்ஸின் விளம்பரத் தாள்

நண்பரின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான். கல்லூரிகளும் சின்ன அலுவலகங்களும் நிறைய வாங்குகிற வகையைச் சேர்ந்த ஃபோர்டிகேட் 100எஃப் என்ற ஃபயர்வாலின் தாளைப் பாருங்கள். ஃபயர்வால் வேகம் 20 ஜிகாபிட். அதே தாளில் கொஞ்சம் கீழே, ஐபிஎஸ் 2.6 ஜிகாபிட். அதற்கும் கீழே, எல்லாப் பாதுகாப்பையும் போட்டால் 1 ஜிகாபிட். பொய் ஒன்றும் இல்லை, எல்லாம் வெளிப்படையாக அச்சடித்த எண்கள். 20-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள தூரம்தான் நான் மேலே சொன்ன மதகு.

புது இணைப்பின் முதல் பாக்கெட்டை சிபியு பார்க்கும். விதிகளைச் சரிபார்த்து 'போகலாம்' என்று முடிவானதும் அந்த இணைப்பைத் தனி நெட்வொர்க் சிப்பிடம் எழுதிக் கொடுத்துவிடும். அப்புறம் வருகிற பாக்கெட்கள் சிபியுவைத் தொடாமலே போகும். 20 ஜிகாபிட் என்பது இந்தக் குறுக்குவழியின் வேகம். உள்ளே பிரித்துப் படிக்கவேண்டிய இணைப்புக்குப் பெரும்பாலும் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே 10 ஜி லைனுக்கு '20 ஜிகாபிட் பாக்ஸ்' வாங்கி, எல்லாப் பாதுகாப்பையும் ஆன் செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். லைன் மந்தமாகும். விடுதி மாணவர்கள் சத்தம் போடுவார்கள். யாராவது ஒருவர் பாதுகாப்பில் பாதியை அணைத்து வைப்பார். அப்படி அணைத்தது எந்த ஆவணத்திலும் இருக்காது.

இதில் இன்னொரு நுணுக்கம். இந்தப் பெட்டிகளுக்கு உள்ளேயே பாக்கெட் ஸ்னிஃபர் உண்டு. சிப்பிடம் ஒப்படைத்த இணைப்பின் பாக்கெட்கள் அதில் தெரியாது. தெரியவேண்டுமானால் அந்த விதிக்கு ஆஃப்லோடை அணைக்கவேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. லினக்ஸிலும் இதே கதைதான். கார்டு டிரைவர் மட்டத்திலேயே எக்ஸ்டிபி கொண்டு தூக்கி எறிந்த பாக்கெட் டிசிபிடம்ப்பில் தெரியாது. டிசிபிடம்ப் எட்டிப்பார்க்கிற ஜன்னல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. கருவி அமைதியாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமா, இல்லை பிரச்சினை வேறு வாய்க்காலில் போகிறது என்று அர்த்தமா? ஜன்னல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

(2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதே, அது கொள்ளிடம் பக்கத்து மதகுகள்.)

குருட்டுத்தன்மை எப்போதும் கெட்டது என்று சொல்ல வரவில்லை. நம்ம ஊர் என்ஐடியில் 2022 மே 25-ல் 838 டெராஃப்ளாப் வேகமுள்ள பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் திறக்கப்பட்டது. இந்த ரகக் கணினிகளில் நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று இடைவிடாமல் பேசவேண்டும், அந்தப் பேச்சில் சிபியுவை இழுத்தால் கணக்கு நின்றுவிடும். ஒரு கார்டு இன்னொரு இயந்திரத்தின் மெமரியில் நேராகவே எழுதுகிற உத்தி அதற்காக வந்தது. நம் நாட்டில் சி-டாக் இதைப் பல தலைமுறையாகச் செய்துவருகிறது. பரம்நெட்-3 என்ற அதன் வலையமைப்பில் ஜெமினி என்று சொந்தமாக வடிவமைத்த தகவல் தொடர்பு இணைச் செயலியே இருந்தது. அங்கேயும் இயங்குதளத்துக்குப் பேச்சு தெரியாது. ஆனால் இரண்டு முனையும் நம்ம ஆள். யாரும் ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையில்லை. இணையத்தைப் பார்த்து நிற்கிற கம்பியில் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது.

கூடங்குளமும் ஆயிரத்தில் ஒன்றும்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் 2019 கூடங்குளத்தைத் தாண்டிப் போகமுடியாது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியானது. முதல் நாள் நிலையத்தின் தரப்பில் மறுப்பு, மறுநாள் அக்டோபர் 30-ல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் தீநிரல் இருந்தது, அணு உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு தனி, அதற்குப் பாதிப்பில்லை என்றது அறிக்கை. டிட்ராக் என்ற வகை தீநிரலாக அது அடையாளம் காணப்பட்டது. தட்டச்சு செய்வது, உலாவியின் வரலாறு, கோப்புப் பட்டியல் இவற்றையெல்லாம் சேகரிக்கிற உளவு நிரல்.

நான் கவனித்த வரி வேறு. செப்டம்பர் 4-ஆம் தேதி செர்ட்-இன் கவனித்துத் தெரிவித்தது என்று அதே அறிக்கை சொல்கிறது. அதாவது தகவல் வெளியிலிருந்து வந்தது.

இந்த ரக நிரல்களின் டிராஃபிக் எலிதான். கோப்புப் பட்டியல் என்பது சில நூறு கிலோபைட் இருக்கலாம், அவ்வப்போது 'இருக்கிறேன்' என்று எஜமானுக்குச் சொல்கிற இணைப்பு அதைவிடச் சின்னது. இப்போது பெரிய லைன்களில் வழக்கமாகச் செய்கிற சிக்கனத்தைப் பாருங்கள். ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது. சாம்பிளிங் என்று பெயர். சுவிட்ச் சிப்பே இதை இலவசமாகச் செய்து தரும். யார் லைனை நிரப்புகிறார்கள் என்று பார்க்க இது போதும். 20 பாக்கெட்டில் முடிகிற ஓர் இணைப்பு இதில் சிக்க வாய்ப்பு எவ்வளவு? ஏறக்குறைய 2 சதவீதம். 98 சதவீதம் அது நடந்ததாகவே பதிவு இருக்காது. யானையை எண்ணுவதற்கு ஏற்பட்ட முறை எலிக்கு உதவாது. கூடங்குளத்தில் என்ன ஏற்பாடு இருந்தது என்பதைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டு சிக்கனமும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன். பாக்கெட்டில் சிக்கனம் பிடித்தால் எலி தப்பும். ஷன்ட் மாதிரி ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்தையும் பார்த்துவிட்டு, வாலை மட்டும் விட்டால் எலி தப்பாது. இரண்டிலும் சிபியுவுக்கு மிச்சமாகிற வேலை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கலாம்.

இன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே டிஎல்எஸ் குறியாக்கத்தில் போகிறது. உள்ளே என்ன என்று எந்தச் சிப்புக்கும் தெரியாது. கதவு பூட்டுவதற்கு முன்னால் நடக்கிற கைகுலுக்கலில் மட்டும் கொஞ்சம் கசியும். எந்தத் தளம் என்கிற பெயர், எந்த வகை மென்பொருள் பேசுகிறது என்பதற்கான சாயல். இதுவும் முதல் சில பாக்கெட்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, தொடக்கத்தைப் பார் என்ற 2005-ஆம் வருட யோசனைக்கு மவுசு கூடிவிட்டது. கூடவே ஒரு விஷயம். அந்தத் தளப் பெயரைப் படிக்கிற இதே வித்தையை வைத்து ஜியோ வலையமைப்பில் தளங்கள் முடக்கப்படுவதை 2019-ல் பெங்களூரின் இணையம் மற்றும் சமூக மையத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். காவல்காரருக்கு வாங்கிக்கொடுத்த டார்ச்சை வேறு எதற்கும் அடிக்கலாம்.

180 நாள்

2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்தில் அறிவிக்கவேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும், எல்லாக் கணினிகளின் கடிகாரமும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்துப்போகவேண்டும்.

'180 நாள்' என்றதும் எல்லாவற்றையும் பதிவு செய்கிற பாக்ஸ் விற்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கணக்குப் போடுவோம். 10 ஜிகாபிட் லைன் நிரம்பி ஓடினால் நொடிக்கு 1.25 கிகாபைட், நாளைக்கு 108 டெராபைட், 180 நாளைக்கு 19,440 டெராபைட். எந்தக் கல்லூரியாலும் ஆகாது, உத்தரவும் அதைக் கேட்கவில்லை. இணைப்புக்கு ஒரு வரி, யார் யாரோடு, எப்போது, எவ்வளவு பைட் என்று மட்டும் எழுதினால்? பழைய நெட்ஃப்ளோ 5-ஆம் பதிப்பில் ஒரு வரி 48 பைட். நொடிக்கு 5,000 இணைப்பு என்று வைத்துக்கொண்டால்கூட நாளைக்கு 21 கிகாபைட்டுக்குள், 180 நாளைக்கு 4 டெராபைட்டுக்கும் கீழே. ரிச்சி தெருவில் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கினால் முடிந்தது.

கடிகாரம் பற்றிய விதியை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் சுவாரஸ்யம். பாக்கெட் வந்த நேரத்தை கர்னல் குறித்தால் அது பாக்கெட் வந்த நேரம் இல்லை, சிபியுவுக்கு ஒழிந்த நேரம். நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் டேக் கார்டுகளைச் செய்தவர்களுக்கு இதுவே முக்கியக் கவலை. பாக்கெட் கம்பியில் வந்த நொடியையே கார்டில் முத்திரை குத்தவேண்டும், அதற்கு ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கார்டோடு இணைக்கவேண்டும் என்று செய்தார்கள். அதிலிருந்து 2001-ல் என்டேஸ் நிறுவனம் வந்தது. இன்றைக்குச் சாதாரண சர்வர் கார்டுகளிலேயே ஹார்டுவேர் நேர முத்திரை இருக்கிறது. ஆன் செய்தால் போதும், பலர் செய்வதில்லை.

நண்பருக்குச் சொன்னது

இப்போதைய 1 ஜிகாபிட்டுக்குச் சிறப்பு ஹார்டுவேர் எதுவும் தேவையில்லை. பொடிப் பாக்கெட்டாகவே வந்தாலும் 672 நானோ நொடி கிடைக்கிறது. நல்ல இன்டெல் கார்டு போட்ட ஒரு பழைய சர்வர், அதில் ஜீக் அல்லது சூரிகாட்டா, மேலே சொன்ன சமச்சீர் சாவி, ஜிஆர்ஓ அணைப்பு. 10 ஜிகாபிட்டுக்கும் இதே சர்வர் கொஞ்சம் கோர் கூட்டினால் பெரும்பாலும் தாங்கும், யானைகளைத் தொடக்கம் பார்த்துவிட்டு விட்டுவிடும்படி அமைத்தால். சூரிகாட்டாவில் பைபாஸ் என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது. 40, 100 என்று போனால்தான் எஃப்பிஜிஏ பற்றிப் பேசவேண்டும். அப்போதும் பார்த்து வாங்கவேண்டும். புரோகிராம் செய்யக்கூடிய டோஃபினோ சுவிட்ச் சிப்பை நம்பி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்தன. இன்டெல் 2023 ஜனவரியில் அடுத்த தலைமுறை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

அதைவிட முக்கியமாக, சுவிட்சின் மிரர் போர்ட்டைப் பார்க்கச் சொன்னேன். 1 ஜிகாபிட் லைனில் போகிற பக்கம் 1, வருகிற பக்கம் 1, இரண்டையும் பிரதி எடுத்து 1 ஜிகாபிட் மிரர் போர்ட்டில் தள்ளினால் நெரிசல் நேரத்தில் பாதி அங்கேயே சிந்திவிடும். எந்த நல்ல கருவியாலும் அதை மீட்க முடியாது. மிரருக்கு 10 ஜிகாபிட் போர்ட் ஒதுக்கவேண்டும், இல்லையென்றால் ஃபைபரில் டேப் போட்டு இரண்டு திசையையும் தனித்தனியாக எடுக்கவேண்டும்.

அப்புறம் எண்ணிகள். கார்டு தவறவிட்டது எவ்வளவு என்று ஈத்டூலின் பெரிய 'எஸ்' விருப்பம் சொல்லும். கர்னல் தவறவிட்டதைச் சூரிகாட்டா தன் புள்ளிவிவரக் கோப்பில் எழுதும். சுவிட்ச் சிந்தியதை அந்த மிரர் போர்ட்டின் எண்ணியில் பார்க்கலாம். மூன்றையும் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து, எச்சரிக்கைகள் வருகிற அதே திரையில், அதன் பக்கத்திலேயே போடச் சொன்னேன். பாக்ஸ் வாங்குகிற கூட்டத்துக்குப் போகும்போது ஒரு மாத வரைபடம் கையில் இருந்தால், 20 ஜிகாபிட் என்று சொல்கிறவரிடம் எந்த வரியைக் காட்டிக் கேட்கவேண்டும் என்று தெரிந்துவிடும்.